நாலாவது பூட்டு

ஃபேக்டரியின் பெரிய மிக்சருக்குள் இறங்குகிறவர்கள் மெயின் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டுப் போட வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவர்தான் கழற்ற வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் உள்ளே ஆள் இருக்கிறது, சுவிட்சைப் போட முடியாது என்று அர்த்தம். இதில் மட்டும் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் யாருக்கும் தயவு தாட்சண்யம் காட்டியதில்லை.

அன்று மத்தியானம் அவரையும் சேர்த்து மூன்று பேர் இறங்கி பேரிங் மாற்றினார்கள். மூன்று பேரும் மேலே வந்து மூன்று பூட்டையும் கழற்றினார்கள். நாலாவதாக ஒன்று தொங்கியது. அதில் கட்டியிருந்த அட்டையில் இன்ஜினியரின் பெயர், அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவர் பூட்டோ அவர் கையில் இருந்தது.

“உங்களுதுதானே சார், திறந்துவிடுங்க. மேனேஜர் உயிரை வாங்குறார்,” என்றார் ஃபிட்டர்.

“உள்ள ஆள் இருந்தா? ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுறேன்.”

உள்ளே இறங்குமுன் தன் பூட்டை அவர் மறுபடி போடவில்லை. அதான் அவர் பெயரில் ஒன்று தொங்குகிறதே!

டார்ச் அடித்து, பிளேடுகளுக்கு அடியில் குனிந்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். ஈ காக்கா இல்லை.

நிமிரும்போது வெளியே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

“உள்ள யாரும் இல்லையே சார்?” என்று ஃபிட்டர் யாரையோ கேட்டார்.

இன்ஜினியரின் குரலே அங்கிருந்து பதில் சொன்னது.

“நான்தான் கடைசி ஆள், வந்துட்டேன். சுவிட்சைப் போடுங்க.”