முந்திக்கொண்ட இரங்கல்

உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு இரங்கல் எழுதி வைத்த பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவரோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

என் வீட்டுக்காரர் வலைப்பூ எழுதுகிறவர். புதிதாக வந்த போன், குளியலறைக் குழாய் ஒழுகுவது, நான் சிடுசிடுப்பது, எல்லாமே அதில் வந்துவிடும். அன்று காலையில் எதிர்வீட்டுக்காரர் மலர்வளையத்தோடு வந்து நின்றபோதுதான், அதில் என் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்ட விஷயம் எங்களுக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்ததே மாமனார்தான். கையில் சர்க்கரை போடாத காபி.

"யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

எதிர்வீட்டுக்காரர் வளையத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனார்.

மழை வருமா என்று பார்க்க மாமனார் காலையிலேயே மகனிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த லேப்டாப்பை எடுத்துப் பார்த்தேன். ‘என் தந்தை மறைந்தார்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல்கள். ஒருத்தர் இரங்கலோடு சேர்த்து, புது போன் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்றும் கேட்டிருந்தார்.

"ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? திங்கட்கிழமை இதய ஆபரேஷனுக்குப் போகப்போற மனுஷனைப் பத்தி இதையா எழுதுவாங்க?"

"நான் பப்ளிஷ் பண்ணலை. எழுதி டிராஃப்ட்ல போட்டு வெச்சேன், அவ்வளவுதான்." அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "அம்மா போனப்ப ஒரு வரிகூட எழுத வரலை. இந்தத் தடவையும் அப்படி ஆயிடக்கூடாதுன்னு..."

"எந்தத் தடவை? முதல்ல வாயைக் கழுவுங்க."

மாமனார் ஹாலிலிருந்து குரல் கொடுத்தார். "அவனை விடும்மா. நல்லாத்தான் எழுதியிருக்கான். என் நேர்மையைப் பத்தி ஒரு பாரா முழுக்க. நேர்ல ஒரு நாளாவது சொல்லியிருப்பானா?"

போன் ஓயவில்லை. "அப்பாவா? இருக்காரு. பேசறீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டதும், அந்தப் பக்கம் பலபேர் பயந்து போனை வைத்துவிட்டார்கள்.

"இன்னுமா அதை அழிக்கலை?" என்றேன்.

"மத்தியானம் அழிச்சுக்கலாம்மா. இப்ப என்ன அவசரம்?" என்றார் மாமனார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மத்தியானம் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் சின்ன மாமனார். மாமனாரின் ஒரே தம்பி.

எந்தக் காலத்திலோ இவர் அண்ணனின் புது ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறார். மறுபடி மூடியபோது மூன்று ஸ்க்ரூ மிச்சம். சொந்தக்காரர்கள் நடுவில் அண்ணன் அதைச் சொல்லிச் சிரிக்க, "இனிமே உன் சாவுக்குத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்" என்று கிளம்பிப் போனவர்தான். என் மாமியார் இறந்தபோதுகூடத் தெருமுனையில் நின்று அழுதுவிட்டு அப்படியே திரும்பினார்.

இந்தப் பக்கம் மாமனார் மட்டும் லேசுப்பட்ட ஆளா? ஆபரேஷனுக்கு நாள் குறித்ததிலிருந்து, "அவனுக்கெல்லாம் சொல்லணும்னு ஒண்ணும் இல்லை" என்று யாரும் கேட்காமலே தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பார். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

சின்ன மாமனார் ஒரு பெரிய பையோடு படியேறி வந்தார். எதிரே நாற்காலியில் அண்ணன், மடியில் மலர்வளையம்.

"நீ இன்னும் போகலையா?"

"உனக்கு என்னடா அவசரம்?"

"எனக்கென்ன அவசரம்? சாவுன்னு சேதி வந்தது, வந்தேன். நான் சொன்ன சொல் மாறலை."

"சரி, வந்தது வந்துட்டே. உட்காரு."

"உட்காரத்தான் போறேன். அந்த ரேடியோ இருக்கா?"

"இருக்கு. பாடாது."

"ஸ்க்ரூடிரைவர் எடு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"அந்தப் பதிவுல கடைசி வரி பார்த்தியா? ‘கடைசி மூச்சு வரை தம்பியின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்’னு இருக்கே."

"பார்த்தேன். அது ஒண்ணைத்தான் உருப்படியா எழுதியிருக்கீங்க."

"அதை நான் எழுதலை."

காலையில் மழை வருமா என்று பார்த்தவர் யார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹாலை எட்டிப் பார்த்தேன். மாமனார் டார்ச் பிடித்தபடி, "அந்த ஸ்க்ரூ அங்க இல்லடா, இங்க" என்று தம்பியை விரட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணன் போய்விட்டார் என்று நம்பி அந்த மனுஷன் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருப்பாரே. இப்படியா ஏமாற்றுவது?

பாவம் என்று அவருடைய பையை எடுத்து உள் அறையில் வைக்கப் போனேன். ஜிப் திறந்தே இருந்தது.

துணிமணிக்கு மேலே, சர்க்கரை நோய்க்காரர்கள் சாப்பிடுகிற பிஸ்கெட் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்.

இவருக்குச் சர்க்கரை கிடையாது. ‘செத்துப்போன’ அண்ணனுக்குத்தான்.