ஜாடியில் இருந்த பதில்

"ரிப்போர்ட் வந்து பத்து நாளாச்சு. போன் பண்ணிச் சொன்னோமே, ஏன் வரல?"

டாக்டரம்மா கணவனைப் பார்த்துக் கேட்டார். அவன் நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தான்.

"எங்கிட்ட மூச்சு விடல டாக்டர். இன்னைக்கு நானாதான் இழுத்துட்டு வந்தேன்" என்றாள் மனைவி. "போதாக்குறைக்குப் போன வாரம் பைக்லருந்து விழுந்துட்டாராம். ஆமை வேகத்துல ஓட்டுற மனுஷன்!"

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் அவன் வரவில்லை. நாலு குழந்தைகள். நாலும் ஏழாம் மாதம் தாண்டாமல் வயிற்றிலேயே அடங்கிப்போயின. கடைசித் தடவை அவளுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே இரண்டு நாள் நின்றவன், இனி இவளை இந்தக் கதிக்கு விடமாட்டேன் என்று முடிவு செய்திருந்தான்.

முதல் மூன்று தடவையும் நஞ்சுக்கொடி குப்பைப் பைக்குப் போய்விட்டது. இந்தத் தடவை அவள்தான், அரை மயக்கத்திலும், "எறிஞ்சிடாதீங்க சிஸ்டர்" என்று கெஞ்சி, ஜாடியில் போட்டு லேபுக்கு அனுப்ப வைத்தாள்.

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார்.

"உங்க உடம்போட காவல் அணுக்களே நஞ்சுக்கொடிக்குள்ள புகுந்து அடைச்சிருக்கு. குழந்தைக்கு ரத்தம் போகல. ரொம்ப அபூர்வம்மா. மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் பிடிபடும்."

"அப்ப... நான் எதுவும் தப்பு பண்ணலையா டாக்டர்?"

"துளிகூட இல்ல. விட்டா திரும்பத் திரும்ப வரும். ஆனா அடுத்த தடவை ஆரம்பத்துலயே மாத்திரை, ஊசின்னு பிடிச்சுட்டா, குழந்தை கைக்கு வர நல்ல வாய்ப்பிருக்கு. உறுதி தரமாட்டேன். நம்பிக்கை தருவேன்."

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட மனைவி, ஏழு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

"மாத்திரைக்குக் கவலையே இல்ல டாக்டர். கேஸ் சிலிண்டரை மூடிட்டோமான்னு மூணு தடவை எழுந்து பாக்குற ஆளு இவரு. அலாரம் வெச்சுக் குடுப்பாரு. இல்லீங்க?"

"ம்."

"என்ன வெறும் 'ம்'? இன்னும் ஒரே ஒரு தடவைங்க. எனக்காக!"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுடைய மறு கை, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கசக்கியது.

பைக்கிலிருந்து அவன் விழவே இல்லை. அந்தச் சீட்டு, போன வெள்ளிக்கிழமை அவளுக்குத் தெரியாமல் அவன் செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுடையது.