இலையில் மிஞ்சியது

"உன் தங்கச்சி வீட்டுல பத்தாயம் நெறைய நெல்லு கெடக்குது. ஆனா அடுப்புல அரிசி ஏறி ஆறு மாசம் ஆவுது. யுத்த வெலைக்கு வித்துக் காசு பாக்குறான் உன் மாப்ள."

விழுப்புரம் ஸ்டேஷனில் வேர்க்கடலை மூட்டை ஏற்ற வந்த ஆள் இப்படிக் கொளுத்திப் போட்டான். கூட்ஸ் ஷெட் குமாஸ்தா கோதண்டபாணிக்கு அவ்வளவுதான் வேண்டும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் திண்டிவனம் போய் இறங்கி, அங்கிருந்து தங்கையின் கிராமத்துக்கு வண்டி பிடித்தார்.

சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளை பெரியதம்பி இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். இலையில் கேப்பைக் களி, கீரை, பாவக்காய். பாதி தின்றுவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த இலையிலேயே உட்கார்ந்தாள் தங்கை வீரம்மாள். புருஷன் மிச்சம் வைத்த ஒரு சின்னக் களி உருண்டை, மீதியெல்லாம் கீரை. அதுதான் அவளுக்குச் சாப்பாடு.

புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்சாதி சாப்பிடுவது அந்தக் குடும்பங்களில் புதிதல்ல. கோதண்டபாணியின் மனைவியும் அப்படித்தான் சாப்பிடுகிறாள். அதை அவர் ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை. ஆனால் அந்த இலையில் சோறு இல்லாமல் களி கிடந்ததுதான் அவரை உறுத்தியது.

"என்னாம்மா இப்படி எளச்சிப் போயிட்ட?"

"எனக்கு என்னா அண்ணே, நல்லாத்தான் கீறேன். அவருக்குத்தான் சக்கரை வியாதி. சோத்தைத் தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அதான் இந்த வீட்டுல அரிசியே ஏத்துறதில்ல."

"வியாதி அவருக்கு. நீ எதுக்குப் பத்தியம் கெடக்குற? உனக்குன்னு ஒரு பிடி அரிசி பொங்கிக்கக் கூடாதா?"

வீரம்மாள் சிரித்துவிட்டாள். "எனக்குன்னு தனியா ஒரு பானையா? நல்லா இருக்குதே நீ சொல்றது. நம்ம அம்மா எங்கனா அப்படித் தின்னுச்சா?"

தங்கையிடம் வராத பதில் மாப்பிள்ளையிடம் கோபமாக வந்தது. கோதண்டபாணி நேரே அவர் நின்றிருந்த வாசலுக்குப் போனார்.

"மாப்ள, நாளைக்கு வீரம்மாள விழுப்புரத்துக்குக் கூட்டிக்கினு போறேன். நாலு மாசம் நம்ம வீட்டுல வயிறாரச் சோறு தின்னு ஒடம்பு தேறட்டும்."

பெரியதம்பியின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தார். வீரம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"அனுப்ப முடியாதுங்க."

"ஏன்?"

"அவ போயிட்டா எனக்குக் களி கிளறிக் குடுக்க ஆள் இல்லீங்க."

இதைவிடச் சுயநலமாக ஒரு மனிதன் பேச முடியுமா? கோதண்டபாணி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வண்டியிலேயே திரும்பி ஏறினார். இந்த ஆளுக்கு நான் சொன்னால் ஏறாது, வைத்தியம் பார்க்கிறவர் சொன்னால்தான் ஏறும் என்று நினைத்துக்கொண்டார்.

திண்டிவனத்தில் டாக்டர் விருத்தாசலம் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"சொந்த அண்ணன், அதனாலதான் சொல்றேன். உங்க தங்கச்சிகிட்ட மூச்சு விடக்கூடாது."

"விட மாட்டேங்க. அவருக்குப் புத்தி சொன்னா போதும். அவரு வியாதிக்கு எந்தங்கச்சி ஏங்க பட்டினி கெடக்கணும்?"

"யார் வியாதிக்கு?" என்றார் டாக்டர். "போன வருஷம் கால்ல ஆறாத புண்ணோட வந்தது உங்க தங்கச்சி. சோதிச்சுப் பார்த்தேன். சர்க்கரை வியாதி. சோறு கூடாது, கொஞ்சமா களியும் நிறையக் கீரையும் சாப்பிடும்மான்னு சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டிட்டுப் போனாங்க. மறுபடி வந்தப்போ புண் இன்னும் பெரிசு. சோறு சாப்பிட்டியாம்மான்னு கேட்டா, 'எனக்குன்னு எதுவும் பொங்கலீங்க. அவரு இலையில மிஞ்சினதைத்தான் தின்னேன்'னு சொல்றாங்க."

கோதண்டபாணிக்கு விழுப்புரத்தில் தன் இலையில் சாப்பிடும் மனைவியின் ஞாபகம் வந்தது.

"இப்படியே போனா விரலை எடுக்கணும்னு பயமுறுத்தினேன். அதுக்கும் அசையல. 'என் ஒருத்திக்காகத் தனியா அடுப்பு பத்த வெக்கிறதாங்க'ன்னு கேட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல. இப்போ புண் சுத்தமா ஆறிடுச்சு. நாலு மாசம் கூட்டிப் போய்ச் சோறு போட்டீங்கன்னா பழையபடி கிளம்பிடும்."

"அப்போ ரெண்டு பேருக்குமே வியாதிங்களா?"

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார்.

"பெரியதம்பிக்கு ஒரு வியாதியும் கிடையாது. கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு. ஒரு நாள் அவர் மட்டும் தனியா வந்தார். 'அவ தனக்காகப் பத்தியம் இருக்க மாட்டாங்க. எனக்காகன்னா இருப்பா. எனக்கும் அந்த வியாதி வந்துட்டுதுன்னு அவகிட்ட ஒரு பொய் சொல்லிடுங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."