பாறையைச் சுற்றிப் போனவள்

“அட, சுத்திப் போறாங்க பாருங்க!”

கொடி பிடித்திருந்த அன்புமணி சொன்னதும், மலை உச்சியில் நின்றிருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். மௌனிகாவும் பார்த்தாள்.

நூறடி கீழே ஆளுயரத்துக்கு ஒரு பாறை. சைக்கிளோடு அதன் மேலிருந்து குதித்தால் நாலு விநாடி மிச்சமாகும். தைரியம் போதாதவர்களுக்குப் பக்கத்திலேயே சுற்றுப்பாதை உண்டு. மௌனிகாவின் தோழி ஷைலா பிரேக்கைப் பிடித்து, சமத்தாகச் சுற்றுப்பாதையில் போய்க்கொண்டிருந்தாள்.

“காய் வாங்கப் போற மாதிரியில்ல போறாங்க!” என்றார் அன்புமணி.

மௌனிகாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேர்தான் மௌனிகா, வாய் சும்மா இருக்காது.

“வண்டி வெச்சிருக்கறவங்களுக்குத்தானுங்க பயமெல்லாம். எனக்கு வண்டியும் இல்ல, பயமும் இல்ல.”

சொன்னது நிஜம்தான். மலைச்சரிவில் சைக்கிளில் பாய்ந்து இறங்கும் போட்டியில் மூன்று பதக்கம் வாங்கியவள் அவள். சைக்கிள் மட்டும் கிடையாது. போன வருஷம் ஃப்ரேம் முறிந்துவிட்டது. பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் அப்பாவே, “இதுல வெல்டிங் நிக்காது கண்ணு” என்று கையை விரித்துவிட்டார்.

அதற்காக மௌனிகா மூலையில் உட்காரவில்லை. பயிற்சிக்காகக் கோத்தகிரியிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஏறுவாள். சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் முட்டியை மடக்கிச் சாய்வாள். “அந்தப் புள்ளைக்கு என்னமோ சரியில்லீங்க, பாருங்க” என்று ஒரு அம்மா கண்டக்டரிடம் சொல்லியே விட்டார். மௌனிகா அசரவில்லை, மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறினாள்.

போட்டி என்று வந்தால் ஷைலாவின் சைக்கிள்தான். இந்தப் போட்டியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்குவார்கள். கடிகாரம்தான் எதிராளி. அதனால் ஒரே சைக்கிளில் இரண்டு பேர் கலந்துகொள்ளலாம். ஒருத்தி இறங்கியதும் ராமுலு தன் பிக்கப் வண்டியில் சைக்கிளை மேலே ஏற்றிவந்து சேர்ப்பார். அடுத்தவள் இறங்குவாள்.

இன்று ஆனைகட்டி ரோட்டுக்கு மேலே நடக்கும் இந்தப் போட்டியில் முதல் பரிசே ஒரு புது சைக்கிள். மௌனிகாவுக்கு அது வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். சீட்டுக் குலுக்கியதில் ஷைலா நாலாவது, மௌனிகா கடைசி.

காலையில் ஒத்திகை நடந்தபோது மௌனிகாதான் முதலில் இறங்கினாள். பாறையிலிருந்து குதித்ததில் பின்சக்கரம் சரிந்து, விழப் போய்ச் சமாளித்தாள். ஒரே கைதட்டல். ஷைலா மட்டும் கைதட்டாமல் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமையோ என்றுகூட மௌனிகாவுக்குத் தோன்றியது.

இப்போது ஷைலாவையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பிக்கப் மேலே வந்து நின்றது. அவள் சைக்கிளை இறக்கிக் கொடுத்தாள்.

“என்ன புள்ள, பயந்துபோட்டியா?” என்றாள் மௌனிகா.

“வண்டி நல்லா இருக்குது. முன்பிரேக்க மட்டும் மெதுவாப் புடி.”

“நானா இருந்தா குதிச்சிருப்பேன்.”

“நீ குதி” என்றாள் ஷைலா.

குதித்தாள். சைக்கிள் தரையில் இறங்கிய வேகத்தில் மண் பறந்தது. ஈரோட்டுப் பெண்ணை அரை விநாடியில் முந்தி மௌனிகா முதலாவதாக வந்தாள். அவளுக்கு மூன்று விநாடி பின்னால், மூன்றாவது இடத்தில் ஷைலா.

உச்சியிலேயே பந்தல் போட்டுப் பரிசு கொடுத்தார்கள். மைக் கைக்கு வந்தால் மௌனிகா விடுவாளா?

“பயப்படாம இருந்தா ஜெயிக்கலாமுங்க, அவ்வளவுதான்! எங்க ஷைலாவும் முன்னெல்லாம் நல்லாக் குதிப்பா. ஒரு வருஷமாத்தான் அவளுக்குப் பயம் வந்துபோச்சு. இனி நான் பக்கத்துல இருந்து சொல்லித்தரேனுங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். ஷைலாவும் சிரித்தாள்.

கூட்டம் கலைந்தது. மௌனிகா புது சைக்கிளைக் கட்டிக்கொண்டு பத்தாவது போட்டோவுக்கு நின்றபோது, ராமுலு கத்தினார்.

“ஏனுங்க அம்மிணி, அங்க பாருங்க!”

கீழே, பாறை மேல் ஷைலா. பிரேக்கே பிடிக்காமல் வந்தாள். சைக்கிள் பாறையை விட்டுக் கிளம்பி, மௌனிகா குதித்ததைவிட உயரமாகப் போய், ஒரு சின்னச் சத்தத்தோடு நேராக இறங்கியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலேறி இன்னொரு தடவை குதித்தாள். கொடியும் இல்லை, கடிகாரமும் இல்லை, கைதட்ட ஆளும் இல்லை.

மௌனிகா சரிவில் சறுக்கிக்கொண்டே ஓடினாள்.

“இத்தனை நல்லாக் குதிக்கறே! போட்டியில குதிச்சிருந்தா நீதான புள்ள பர்ஸ்ட்டு! அப்ப ஏன் சுத்திப் போனே?”

ஷைலா ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நான் உழுந்து வண்டி உடைஞ்சிருந்தா, மேல நின்னுட்டு இருந்த நீ எதுல எறங்கியிருப்பே?”