பாட்டிலில் ஒரு புழு

“இது என்னய்யா? கண்ணைத் தொறந்து பாரு!”

கொழிஞ்சாம்பாறைச் சந்தையே திரும்பிப் பார்த்தது. ஜின்சனின் மீன் கடையில் பிரதீப் ‘ணங்’கென்று வைத்த பாட்டிலுக்குள் வெள்ளையாக ஒரு புழு கிடந்தது.

“நேத்து உன்கிட்ட வாங்குன பாறை மீனு. ஃபிரிட்ஜுல மிச்சமிருந்த துண்டை இன்னிக்குக் காலையில அறுத்தா இது! எம் பொண்டாட்டிக்கு விடிய விடிய வாந்தி பேதி. ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏறுது. வாயும் வயிறுமா இருக்கறவய்யா அவ!”

ஜின்சன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். “நாடாப்புழுக் குஞ்சு சேட்டா. கடல் மீன்ல இருக்கறதுதான். எடுத்துப் போட்டு நல்லா வேகவெச்சா ஆளை ஒண்ணும் செய்யாது.”

பிரதீப்புக்கு ஆத்திரம் தலைக்கேறியது. புழுவையும் விற்றுவிட்டுப் பாடம் வேறு நடத்துகிறான்!

“வேகவெக்கத் தெரியாமத்தான் இத்தன நாள் தின்னமா? எங்கம்மா கொதிக்கக் கொதிக்கத்தான் கொழம்பு வெச்சாங்க. நேத்து சனிக்கெழமை லீவாச்சேன்னு மீன் ஆஞ்சது நானு, வெள்ளரிக்கா அரிஞ்சது நானு. எங்களுக்குப் பரிமாறிட்டுக் கடைசியாத்தான் அவ உண்டா. அவளுக்குப் போயி இப்படி!”

“சேட்டனுக்கும் அம்மைக்கும் ஒண்ணும் ஆகலையா?”

“நாங்க கல்லைத் தின்னாலும் செரிச்சுக்குவோம். புள்ளத்தாச்சி தாங்குவாளா?”

அதானே என்றது கூட்டம். வாங்கிய மீனைச் சிலர் திருப்பி வைத்தார்கள். ஜின்சனின் முகம் வெளிறியது. உணவுப் பாதுகாப்பு ஆபீசருக்குச் சொல்லியாயிற்று, இன்றைக்கே கடைக்குப் பூட்டு என்று பிரதீப் கத்தினான்.

செல்போன் அடித்தது. அம்மா ராமாத்தாள். ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“அம்மா, பிரியா எப்படி இருக்கறா? சத்தமாச் சொல்லுங்க.”

“இப்பப் பரவால்ல சாமி. என்ன தின்னேன்னு டாக்டரு அவளைக் கேட்டாரு. கொழந்தைக்காகப் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டு, சனிக்கெழமை கவிச்சியே தொடறதில்லையாமா. நாம முன்னாடியே உண்டுபோட்டு எந்திரிச்சர்றோம், நமக்கெங்க தெரியுது? தயிர்சோறும், நாம தொடாம வெச்ச வெள்ளரிக்காயும்தான் தின்னிருக்கறா. கஞ்சி வெக்கலாம்னு இப்ப ஊட்டுக்கு வந்தேன். பலகையில மீன் செதிலும் வெள்ளரிக்காத் தோலும் ஒண்ணா ஒட்டிக் கெடக்குது. ஏண்டா, பச்சை மீன் ஆஞ்ச பலகையைக் கழுவாமயா வெள்ளரிக்கா அரிஞ்சே?”