இருபதாவது சாமி

கடப்பாரை கல்லில் பட்டது.

அதிர்வு கையில் ஏறித் தோளில் நின்றது. கெட்ட வார்த்தை ஒன்று வாய்வரை வந்தது. விழுங்கினான். கிணற்றுக்குள் பேசுவதெல்லாம் மண்ணுக்குச் சாமியான மண்ணாளுக்குக் கேட்குமாம்.

தலைக்கு மேல் வட்டமாக வானம். வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது.

இந்த ஒரு நாளுக்காக நான்கு மாதம் காத்திருந்தான்.

முதலில் மண்ணாளின் சூல் விழா. நாற்பது நாள் மண்ணைக் கீறக் கூடாது. அது முடிந்தது, பனி வந்தது. பனியோடு இரும்பனின் துயில். கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் வைக்கோலுக்குள் படுக்கவைக்க வேண்டும். இரும்புக்குப் போர்த்திவிட்டு அவன் குளிரில் கிடந்தான். பிறகு நடையாளின் பாதத் திருநாள். காலில் பூ கட்டிக்கொண்டு பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. இருந்த நான்கு குடம் தண்ணீரை அவனும் மனைவியும் சிரட்டையால் அளந்து குடித்தார்கள்.

இன்று எந்தச் சாமிக்கும் நாள் இல்லை.

பொழுது விழுந்ததும் கயிறாண்டானின் நோன்பு தொடங்கிவிடும். பதினொரு நாள் யாரும் கயிற்றைத் தொடக் கூடாது.

போன வருடம் ஒருத்தன் அந்த நோன்பில் கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்டான். விடிந்து பார்த்தால் அவன் வீட்டில் ஒரு முடிச்சு இல்லை. கூரை, கட்டில், பிள்ளையின் தூளி. எல்லாம் அவிழ்ந்து கிடந்தது.

அதனால் யாரும் விளையாடுவதில்லை.

மொத்தம் பத்தொன்பது சாமிகள். அவன் இந்தக் கிணற்றைத் தொடங்கியபோது பதினேழு.

மேட்டில் சேகண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். நோன்பு தொடங்கும் நேரத்தைத் தட்டிச் சொல்வது அவர் வேலை. ஊரில் இங்கே மட்டும்தான் இன்னும் கயிறு ஓடுகிறது என்று காவலுக்கு வந்துவிட்டார். மேலே போகும் ஒவ்வொரு கூடை மண்ணையும் குச்சியால் கிளறினார்.

"மாப்ளே, இன்னும் எவ்வளவு தோண்டுவ? அந்தப் பக்கத்து ஊரு தெரிஞ்சா சொல்லு."

"சும்மா இருங்கண்ணே. அவரே கொதிச்சுப்போய்க் கிடக்காரு."

அது அவன் மனைவி. கூடைக் கயிறு அவள் கையில் இருந்தது. ஒரு குடம் தண்ணீருக்கு அவள் இரண்டு குன்று ஏறி இறங்குகிறாள். இந்தப் பனிக்குப் பிறகு இடது காலைச் சரியாக ஊன்ற வரவில்லை.

கல்லின் ஓரத்தைத் தடவினான்.

ஈரம்.

நெம்பினான். அசையவில்லை. இரண்டாம் முறை மண் உதிர்ந்தது. மூன்றாம் முறை கல் பெயர்ந்து அவன் காலடியில் உருண்டது. அது இருந்த பொந்திலிருந்து ஒரு சொட்டு. பிறகு நூலாக. பிறகு மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீர்.

கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

அப்போதுதான் பார்த்தான். கல்லுக்கு முகம் இருந்தது.

இரண்டு கண். மூக்கு. கொஞ்சம் கோணிய வாய். யாரும் செதுக்கியதில்லை. மண்ணுக்குள் தானாக வந்த முகம்.

முகமுள்ள கல் கிடைத்தால் கூவிச் சொல்ல வேண்டும். அது சாமி. அது வந்த குழி அதன் வீடு. வந்த நாள் அதன் திருநாள். கீழ்க்காட்டு வேம்பன் அப்படித்தான் கூவினான். இப்போது அவன் கிணற்றைச் சுற்றி வேலி. உள்ளே மாலையும் விளக்கும். வேம்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு குன்று ஏறுகிறான்.

அவன் கல்லைப் பார்த்தான். கல் அவனைப் பார்த்தது.

"இன்னைக்குத்தானா ஐயா," என்றான் உதட்டுக்குள். "வேற குழியே கிடைக்கலையா உனக்கு?"

கடப்பாரையை ஓங்கினான்.

கை இறங்கவில்லை.

"என்னங்க சத்தம்?" மேலே அவள்.

சேகண்டிக்காரரின் தலை வட்டத்தின் விளிம்பில் முளைத்தது. அவன் கல்லைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துத் திரும்பிக்கொண்டான். களிமண் கை. வழுக்கியது. கல் தண்ணீருக்குள் போனது.

"தண்ணி! தங்கச்சி, தண்ணி வந்துருச்சு!"

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சாணி கரைத்ததுபோல் கலங்கல். காலால் துழாவினான். பெருவிரலில் மூக்கு தட்டுப்பட்டது.

முகம் மேலே பார்த்துக் கிடக்கிறது.

டங்.

"முதல் அடி மாப்ளே! மூணாவது அடிக்குள்ள ஏறிரு. இல்லேன்னா பதினொரு நாளும் உள்ளதான் குடித்தனம்."

குனிந்தான். முகம்வரை தண்ணீரில் முக்கிக் கல்லைப் புரட்டினான். பாதி புரண்டது. மறுபடி பழையபடி விழுந்தது. சேற்றில் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

டங்.

"ஏறுங்க!" என்று கத்தினாள்.

ஏறினான். ஒவ்வொரு பிடிக்கும் பல்லைக் கடித்தான்.

அவன் கரையில் கால் வைக்கவும் மூன்றாவது அடி விழுந்தது. இருவரும் கயிற்றை விட்டார்கள். அது தானாகவே சுருண்டு, முளையிலிருந்து அவிழ்ந்து, பாம்புபோல் தரையில் படுத்தது.

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். கீழே பழுப்புத் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

சேகண்டிக்காரர் கிணற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஒண்ணும் கவலைப்படாத தங்கச்சி. பதினொரு நாளு யாரும் வாளி விட மாட்டாங்க. நல்லதுதான். கலங்கல் அடங்கிரும். அப்புறம் பாரு, அடிவரைக்கும் கண்ணாடி மாதிரித் தெரியும்."

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

அவன் குனிந்தான். குவியலிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிக் கிணற்றுக்குள் போட்டான்.