பத்து நிமிட டெஸ்ட்

கார்டைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்த்தேன். ஸ்குரூ தலைகள் தேயவில்லை. இரும்புப் பட்டையில் துரு இல்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தேன். கருகல் வாசம் இல்லை.

அப்பா காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர். அவர் மாட்டுக்குச் சுழியும் பல்லும் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை.

விற்க வந்தவர் பெயர் இளம்பரிதி. பொம்மிடி ஸ்டேஷனுக்கு எதிரே, லூர்துமேரி அக்காவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் கம்ப்யூட்டரைத் திறந்து, கார்டைச் செருகி, பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு. சான்றிதழ் பிரிண்ட் எடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று எங்களை முறைத்தார்கள்.

இதைவிட நல்ல கார்டு தருமபுரிக் கடையிலேயே இருந்தது. புதுசு. பில் உண்டு, வாரண்டி உண்டு, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. என் பழைய பவர் சப்ளையே அதற்குப் போதும். தம்பி ரஞ்சித்குமார் யூட்யூபில் கிடைத்த வீடியோவையெல்லாம் பார்த்துவிட்டு அதைத்தான் வாங்கச் சொன்னான்.

“லூசாக்கா நீ? பழச வாங்கறதுக்குப் பொம்மிடி வரைக்கும் போவியா?”

போனேன். நல்லம்பள்ளியிலிருந்து அந்த வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தேன். புழுதிக்காக முகத்தைச் சுற்றிய துப்பட்டாவைக் கடைக்குள் வந்தும் அவிழ்க்கவில்லை.

எனக்குக் கார்டு தேவைதான். இப்போது இருப்பதில் கேம் ஆடினால், எதிரி சுட்டு முடித்த பிறகுதான் எதிரியே கண்ணுக்குத் தெரிவான்.

ஆனால் அவசரம் வேறு. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். காபி கொடுத்துவிட்டு உள்ளே போகும் வழியில், சரியா இல்லையா என்று அம்மாவிடம் தலையாட்ட வேண்டும். அந்த ஒரு தலையாட்டலோடு மிச்ச ஆயுளையும் ஓட்டியாக வேண்டும். அதற்கு முன்னால் கம்ப்யூட்டராவது ஒழுங்காக ஓடட்டும் என்று தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

டெஸ்ட் தொடங்கியது. திரையில் ரோமம் முளைத்த வளையம் ஒன்று சுற்றியது. மூலையில் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்தோம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கண் முழுக்கக் கார்டின் மேல்.

சந்தையில் அப்பா முதலில் விலை கேட்க மாட்டார். குறை என்ன என்றுதான் கேட்பார். குறையே இல்லை என்பவனிடம் கன்றுக்குட்டிகூட வாங்க மாட்டார்.

“என்ன குறைங்க?” என்றேன்.

“எடப்பக்கத்து பேன் சத்தம் போடுங்க. சூடு ஏறுனா கர்ருங்கும். ஒரு தட்டு தட்டுனா நின்னுக்கும். அப்பறம், நான் வாங்குனப்பவே இது பழசுதாங்க. நான் ரெண்டாவது கை.”

இரண்டாவது கையா என்று நான் கேட்கவே இல்லை.

எழுபதைத் தாண்டியதும் பேன் கர்ரென்றது. அவர் எழுந்து போய், அழுகிற பிள்ளையின் முதுகில் தட்டுவது போல மெதுவாகத் தட்டினார். நின்றது. சங்கடத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி ஸ்டூலுக்கு வந்தார்.

“சீக்கிரம் ஆகட்டுங்க, கரண்டு போற நேரம்” என்றார் லூர்துமேரி அக்கா.

அடுத்ததும் சந்தைக் கேள்விதான்.

“நல்லாத்தானே ஓடுது. ஏன் விக்கறீங்க?”

அவர் கண் கார்டை விட்டுத் தெருப்பக்கம் போனது.

“பொண்ணு பாக்கப் போறோம்ங்க. கேம் ஆடுற பையன்னா வேணாம்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாராம். எங்க பையன் ஆடறதில்லன்னு எங்க வூட்ல சொல்லி வெச்சிட்டாங்க. அது பொய்யாயிடக் கூடாதில்லீங்க.”

பொய் சொன்னது வீட்டார். அதை உண்மையாக்க இவர் கார்டை விற்கிறார். என் முகம் மாறிவிட்டது. துப்பட்டா இருந்ததால் பிழைத்தேன்.

“பொண்ணு எப்படிங்க?”

“போட்டோவுல ரொம்ப அமைதியா இருக்காங்க.”

அந்தப் போட்டோ எடுத்த அன்று எனக்குக் கடைவாய்ப் பல் வலி.

கேம் ஆடும் மாப்பிள்ளை வேண்டாம் என்றது என் அப்பாதான். ஒரு குடும்பத்துக்கு ஒருத்தி போதும் என்பது அவர் எண்ணம். மாப்பிள்ளை பெயரையும் ஊரையும் அவர் சொன்ன வாரமே, பேஸ்புக்கில் பழைய கார்டு விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. அதே பெயர், அதே ஊர். பொம்மிடியில் எத்தனை இளம்பரிதி இருந்துவிடப் போகிறார்கள்? தம்பியின் கணக்கிலிருந்து மெசேஜ் அனுப்பினேன். காபி டம்ளர் இல்லாமல் ஒரு பத்து நிமிடம் ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது.

டெஸ்ட் முடிந்தது. அவர் கார்டைக் கழற்றி, பஞ்சு மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

“இத விக்காதீங்க. எங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்” என்றேன். “உங்க வூட்ல ரெண்டு கம்ப்யூட்டருக்குப் பிளக் பாயிண்ட் இருக்குதுங்களா?”